வானம் தெளிந்த பிறகு சரிகிற பனி

2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அந்தமான் கடல் பக்கம் உருவாகி வங்கக் கடலின் குறுக்கே வந்த புயல் அது. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு புயலின் கதை கரை கடந்ததோடு முடிந்துவிடும். புயல் கூண்டை இறக்குவார்கள், இரண்டொரு நாளில் கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கிடைக்கும், படகுகள் கிளம்பும். ஆனால் ஹூட்ஹூட்டின் மிச்சம் அங்கே நிற்காமல் வடக்கே நகர்ந்துபோய், இரண்டே நாளில், அக்டோபர் 14 அன்று நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியில் பனியாகக் கொட்டித் தீர்த்தது. மலையேற அருமையான மாதம் என்று பல நாட்டு ஆட்களும் அங்கே கூடியிருந்த நேரம். 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிற தோரோங் லா கணவாயிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தக் கணவாயின் மேற்கு இறக்கத்தில்தான் முக்திநாத் இருக்கிறது, நம் ஊர் வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று 108 தலங்களில் ஒன்றாக வணங்கும் இடம்.

நம் கடலில் எழுந்த ஈரம் இமயமலையில் ஆளைப் புதைத்தது என்பதைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பனிமலை என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்ற எண்ணம் இந்தக் கரையில் ரொம்ப நாளாக உண்டு. மலை என்றாலே ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம், அதுவும் ஒரு மணல்மேடு. இருந்தாலும் இன்றைக்கு டிசம்பர், ஜனவரி வந்தால் ராமநாதபுரத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து கேதார்காந்தா, பிரம்மதால் என்று பனி டிரெக்கிங் போகிறார்கள். ராணுவத்தில் பிள்ளை இருக்கிற வீடு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ராமேஸ்வரத்தையும் பத்ரிநாத்தையும் நான்கு தாமங்களில் சேர்த்துச் சொல்கிற வழக்கத்தால் வடக்கே யாத்திரை போகிறவர்களும் குறைவில்லை. இவ்வளவு பேர் போகிறார்கள், ஆனால் பனி என்றால் குளிர், குளிருக்கு நல்ல ஜெர்கின் வாங்கினால் போதும் என்ற அளவில்தான் பேச்சு நிற்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். கடற்கரையில் வளர்ந்தவர்கள் ஆபத்தை வானத்தில் பார்க்கப் பழகியிருக்கிறோம். மேகம் கறுத்தால் ஆபத்து, காற்று அடங்கி வெயில் வந்தால் ஆபத்து போய்விட்டது. பனிமலையில் இந்தப் பழக்கம் ஆளை நேராகக் கொண்டுபோய்ச் சரிவில் நிறுத்திவிடும், ஏனென்றால் அங்கே ஆபத்து காலுக்கு அடியில் இருக்கிறது, வானம் வெளுத்த பிறகும் அது போவதில்லை, சில சமயம் வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

சினிமாவில் காட்டுகிற பனிச்சரிவை முதலில் மறந்துவிட வேண்டும். யாரோ கத்துவார், மலையுச்சியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பும். கத்துகிற சத்தத்தால் பனி சரியாது, மனிதக் குரலுக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. வெடிவைத்தால் சரியும், பனிச்சறுக்கு மைதானங்களிலும் மலைச்சாலைகளிலும் ஆட்கள் வருவதற்கு முன்பே வெடிவைத்துச் சரிய விடுகிறார்கள். மற்றபடி சரிவைக் கிளப்புவது எடைதான். புதுப்பனியின் எடை, காற்று கொண்டுவந்து குவித்த பனியின் எடை, மேலேயிருந்து உடைந்து விழும் பனித்துண்டின் எடை, இல்லையென்றால் ஒரு மனிதனின் எடை. உயிர்ச்சேதம் ஏற்பட்ட பனிச்சரிவுகளை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக மலைக்குப் போனவர்கள் மாட்டிய விபத்துகளில் ஏறக்குறைய 10க்கு 9, மாட்டியவரோ அவரோடு வந்தவரோ மிதித்துக் கிளப்பியவை. இது பயமுறுத்துகிற தகவல் மாதிரி தெரியும். எனக்கு இதில்தான் நம்பிக்கையே இருக்கிறது. தானாக வந்து விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது, நாம் மிதித்ததால் வருகிறது என்றால் மிதிக்காமல் இருக்க முடியும்.

சரிவில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று உதிரிப்பனி, ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வரவர அகலமாகி இறங்கும், பெரும்பாலும் சின்னது, ஆனால் ஆளைப் பாறைமுனைக்குத் தள்ளிவிட்டால் அதுவும் கொல்லும். ஆளை அதிகம் கொல்வது இரண்டாவது வகை, பலகைச் சரிவு. காற்றாலும் எடையாலும் இறுகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன பனி ஒரு பெரிய தகடாக மலைமேல் படுத்திருக்கும். அதற்கு அடியில் ஒட்டாத, நொய்ந்த ஒரு அடுக்கு. சில சமயம் அந்த அடுக்கின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மேலே நடக்கிறவரின் எடை அந்த அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினால், நொறுங்கல் அங்கே நிற்காமல் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஓடும், ஓடி முடித்த கணத்தில் தகடு முழுவதும் கழன்று கிளம்பும். வெடிப்பு பெரும்பாலும் நமக்கு மேலேதான் விழும், அதாவது நாம் நிற்பது கிளம்புகிற பலகையின் நடுவில். ஒரு சில நொடியில் அது மணிக்கு 80, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். ஓடித் தப்பிப்பது என்ற பேச்சே இல்லை.

அந்த நொய்ந்த அடுக்கு எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் இதில் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். தரையை ஒட்டியிருக்கிற பனி ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும், பூமியின் சூடு கீழே இருப்பதால். மேற்பரப்பு ராத்திரியில் மைனஸ் 15 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியின் தடிமன் 2 மீட்டர் என்றால் அந்த 15 டிகிரி வித்தியாசம் 2 மீட்டருக்குள் பரவுகிறது, மீட்டருக்கு ஏழரை டிகிரி. அதே குளிரில் பனி அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் மீட்டருக்கு 30 டிகிரி ஆகிவிடும். இந்தக் கணக்கு மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டியதும், கீழே இருக்கிற நீராவி மேல்நோக்கி வேகமாக ஏறத் தொடங்குகிறது. போகிற வழியில் பனிமணிகளின் மேல் படிந்து படிந்து அவற்றை மூலையும் பட்டையுமாகப் பெரிதாக்கிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் குவித்துவைத்திருக்கிற கல்லுப்பை ஒரு கை அள்ளிப் பிசைந்து பாருங்கள், உருண்டை பிடிக்க முடியாது, விரலிடுக்கில் வழிந்துவிடும். அந்தப் பனியும் அப்படியே. அதன்மேல் ஜனவரியில் ஒரு மீட்டர் புதுப்பனி விழுந்து இறுகினால் பலகை தயார்.

ஆகவே, பனி கம்மியாகத்தான் இருக்கிறது, பயமில்லை என்ற பேச்சில் உண்மை இல்லை. கடும் குளிரும் மெல்லிய பனியும் சேர்கிற இடத்தில்தான் அடிப்பகுதி அதிகமாகக் கெட்டுப்போகிறது. இமயமலையிலேயே இது இடத்துக்கு இடம் மாறும். பீர் பஞ்சால் பக்கம், அதாவது குல்மார்க், மணாலியைச் சுற்றி, ஒப்பீட்டில் வெப்பம் கொஞ்சம் அதிகம், பனியும் நிறைய விழும். அங்கே ஆபத்து பெரும்பாலும் பனி கொட்டும்போதும் கொட்டி முடித்த ஓரிரு நாளிலும் இருக்கும், பிறகு பனி தானே இறுகிக்கொள்ளும். லடாக், காரகோரம் பக்கம் போனால் கடுங்குளிர், வறண்ட காற்று. அங்கே கெட்ட அடுக்கு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பெரிய இமயமலைத் தொடரில் இந்த இரண்டு குணமும் கலந்து வரும்.

இன்னொரு வகை கெட்ட அடுக்கு மேற்பரப்பிலேயே உண்டாகிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் காற்றிலிருக்கிற ஈரம் நேரடியாகப் பனிமேல் படிகமாக முளைக்கும். காலை வெயிலில் பார்த்தால் மினுமினுவென்று அவ்வளவு அழகாக இருக்கும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அடுத்த பனி அதன்மேல் விழுந்து அதைப் புதைத்துவிட்டால், கால் வைத்தால் சாய்கிற செங்குத்துப் படிகங்களின் மேல் ஒரு பலகை உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அருமையான தெளிந்த இரவு செய்த வேலையின் பலன் மூன்று வாரம் கழித்து வேறொருவரைத் தேடி வரும்.

மேலே எடை ஏறுகிற கதை சுலபம். குளிர்காலத்தில் மேற்கு இமயமலைக்குப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்களே, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிற காற்றுச் சுழற்சிகள், அவைதான். ஒரு சுற்று வந்துபோனால் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும். ஒரு நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்தால் அந்தச் சரிவுகளை விட்டு விலகியிரு என்பது மலைக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. ஆனால் விழுந்த பனியைவிடக் காற்று நகர்த்துகிற பனி மோசமானது. மலையின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டுகிற காற்று, வானத்திலிருந்து விழுவதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில்கூட அந்த மறுபக்கத்தை நிரப்பும். பனியே பெய்யாத நாளிலும் இது நடக்கும்! காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்பதை நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக்கும் பேர் வைத்திருக்கிறோம். மலையில் அந்தக் கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும்: நேற்றும் முந்தாநாளும் காற்று எங்கேயிருந்து அடித்தது, அப்படியானால் எந்தப் பக்கச் சரிவில் பனி குவிந்திருக்கும்? முகட்டின் ஓரத்தில் பனி கூரைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது நீட்டியிருக்கிற பக்கம்தான் குவிந்த பக்கம். அந்தக் கூரைக்குக் கீழேயும் போகக் கூடாது, மேலேயும் நிற்கக் கூடாது.

இதெல்லாம் தெரியாதவருக்கும் உதவுகிற ஒரு விஷயம் உண்டு, அது சரிவின் கோணம். பலகைச் சரிவுகள் கிட்டத்தட்ட எல்லாமே 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சரிவில் கிளம்புகின்றன, 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும், 30க்குக் கீழே வழுக்குவதற்கான இழுப்பு போதாது. கோணத்தை அளக்கப் போன் போதும், இலவச ஆப்கள் இருக்கின்றன, வரைபடத்தில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டுகிறவையும் உண்டு. பனியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்துத் தீர்மானிக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும், அப்படிப் பயின்றவர்களும் தவறுவார்கள். கோணம் ஏமாற்றாது. 25 டிகிரிச் சரிவில், அதற்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் தொங்காத இடத்தில் நடக்கிறவரைக் கெட்ட பனி ஒன்றும் செய்யாது.

மேலே எதுவும் தொங்காத என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். சமதளத்தில் கூடாரம் போட்டிருப்பவரையும் மேலேயிருக்கிற சரிவு வந்து அடிக்கும். நொய்ந்த அடுக்கு பரவலாக இருந்தால் அடிவாரத்துச் சமதளத்தில் மிதித்தே மேலேயுள்ள சரிவைக் கிளப்பிவிடலாம். ஓடைப்பள்ளம், குறுகிய கணவாய், பாறை விளிம்பு இவற்றுக்கு மேலே இருக்கிற சரிவு சின்னதாக இருந்தாலும் ஒதுங்கிப் போக வேண்டும். அகலமான மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் பரவி நிற்கிற பனி, பள்ளத்தில் மூன்று மீட்டர் ஆழமாக நிரம்பும்.

மலையும் வாய் திறந்து சொல்லும். பக்கத்துச் சரிவில் நேற்றோ இன்றோ பனி சரிந்த தடம் இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை, அதே திசை பார்த்த, அதே உயரத்துச் சரிவுகள் எல்லாம் அதே நிலையில் இருக்கின்றன. நடக்கும்போது காலுக்கடியில் 'வூம்ப்' என்று ஒரு அமுங்கின சத்தம் கேட்டால், நொய்ந்த அடுக்கு இப்போதுதான் நொறுங்கியது, சமதளமாக இருந்ததால் பிழைத்தோம். காலிலிருந்து பனியில் கோடு கிழித்த மாதிரி வெடிப்பு ஓடினாலும் அதே செய்தி. திடீரென்று வெப்பம் ஏறினாலும் அப்படித்தான். மார்ச்சுக்குப் பிறகு மத்தியான வெயிலில் பனி நனைந்து கனத்து இறங்கும், அதனால்தான் வசந்தகாலத்தில் மலைக்காரர்கள் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் சரிவுகளைக் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்து எச்சரிக்கை எண். பாம்பனில் ஏற்றுகிற கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண் இருப்பது நமக்குத் தெரியும். பனிச்சரிவு ஆபத்துக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1 முதல் 5 வரை எண் வைத்திருக்கிறார்கள். இதில் அதிகம் பேர் சாவது 5ஆம் எண் அன்று அல்ல, 3ஆம் எண் அன்று. 4, 5 என்றால் வெளியே பனிப்புயல் அடித்துக்கொண்டிருக்கும், யாரும் கிளம்ப மாட்டார்கள். 3 என்பது பெரும்பாலும் புயல் ஓய்ந்து, நீல வானம் திறந்து, அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் வெளியே வருகிற நாள். ஐந்துக்கு மூன்று, நடுத்தரம்தானே என்று மனசு சொல்லும். அந்த எண்கள் சமமான படிகள் கிடையாது, ஒவ்வொரு படியிலும் ஆபத்து மடங்காக ஏறுகிறது. மூன்றாம் எண் நாளில் ஒரே ஒரு ஆள் மிதித்தால்கூட அந்தச் சரிவு கிளம்பக்கூடும்.

நம் நாட்டில் இந்த வேலையைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ செய்கிறது. 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். 2020இல் அதை இன்னொரு ஆய்வகத்தோடு சேர்த்து டிஜிஆர்ஈ என்று பெயர் மாற்றினார்கள், தலைமையிடம் சண்டிகர். காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்ட், சிக்கிம் பகுதிகளுக்கு மாவட்டவாரியாக, உயரத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கை வருகிறது. ராணுவத்துக்காகத் தொடங்கியது என்றாலும் பொதுமக்களும் பார்க்கலாம். போகிற மாவட்டத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு தினமும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் வானிலை மோசமென்றால் மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காது, விசைப்படகு கடலுக்குப் போகாது, முடிவை வேறொருவர் எடுத்துவிட்டார். மலையில் மாவட்ட நிர்வாகம் ஒரு பாதையை மூடுவது எப்போதாவது நடக்கும், மற்ற நாட்களில் எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கும். இந்தச் சரிவில் இந்த நேரத்தில் கால் வைக்கலாமா என்பதை அங்கே நிற்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். டோக்கன் இல்லாத கடல் அது.

என் தங்கை மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "மாமா, கூட கைடு வர்றாரு, இருபது வருசமா அதே மலையில இருக்காரு, அவரு பாத்துக்குவாரு" என்றான். கைடு வேண்டும், கட்டாயம் வேண்டும், அவரில்லாமல் போகவே கூடாது. ஆனால் அவன் சொன்ன அந்த வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு பொறி இருக்கிறது. பழகிய மலை என்பது ஒன்று. இருபது வருடம் சரியாத சரிவு இன்றைக்குச் சரியாது என்பதற்கு உத்தரவாதமில்லை, பனி ஒவ்வொரு வருடமும் புதிதாக அடுக்கப்படுகிறது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதால் மற்ற பதினைந்து பேரும் கண்ணை மூடிக்கொள்வது இரண்டாவது. அமெரிக்காவில் இயன் மெக்கேமன் என்பவர் 700க்கு மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்து, மாட்டியவர்களில் பலர் ஆபத்தைப் பற்றிப் படித்தவர்கள், கண்ணெதிரே அறிகுறிகள் இருந்தும் போனவர்கள் என்று காட்டினார். பழக்கமான இடம், முன்னால் போனவர் தடம், கூட வருகிறவர்கள் முன் பின்வாங்கக் கூச்சம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற பிடிவாதம், இவைதான் இழுத்துப்போயின.

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா தண்டா சிகரத்தில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே பலகைச் சரிவில் மாட்டியது. 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால், அதே வருடம் மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாளுக்குள் ஏறி முடித்தவர். அவரைவிடத் தெரிந்தவரை எங்கே போய்த் தேடுவது? கயிறு, பயிற்சி, திறமை எல்லாம் இருந்த குழு அது. பனிப்பலகைக்கு இதெல்லாம் தெரியாது, அதன்மேல் எவ்வளவு எடை ஒரே நேரத்தில் ஏறியது என்பது மட்டும் தெரியும். ஆபத்தான சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான். ஒருவர் மாட்டினால் மீட்க ஆள் மிஞ்ச வேண்டும்.

மாட்டியவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் 10 பேரில் 9 பேர் வரை பிழைக்கிறார்கள், அடிபடாமல் இருந்தால். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. குளிர் கொல்வதற்கு முன்பே மூச்சு கொல்கிறது, விட்ட காற்றையே திரும்ப இழுத்து மயங்கிவிடுகிறார்கள். சரிந்து நின்ற பனி ஒரு கன மீட்டர் 300, 400 கிலோ எடையுள்ளது, நின்ற நொடியில் கெட்டியாகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது என்கிறார்கள் பிழைத்தவர்கள். ஆக ஹெலிகாப்டரோ மீட்புப்படையோ வருவது பெரும்பாலும் உடலை எடுக்கத்தான், உயிரோடு வெளியே எடுக்கக்கூடியவர் பக்கத்தில் நின்ற கூட்டாளி மட்டுமே. அதற்கு அவரிடம் மூன்று சாமான் இருக்க வேண்டும்: ஆளுக்கு ஒரு டிரான்ஸீவர், 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டும் தேடும்போது வாங்கிக்கொண்டும் இருக்கிற சின்னக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்க மடக்கி வைக்கிற நீளமான புரோப் கம்பி, தோண்ட உலோகத்தாலான ஷவல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனில்லை. கையால் தோண்டி ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க முடியாது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல்நிலையின் மேல் பெரிய பனிச்சுவர் உடைந்து விழுந்து மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். ஆறாவது நாள் கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் சுமார் 25 அடி பனிக்கு அடியில் உயிரோடு கிடைத்தார், டில்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று இறந்தார். நாடே அவருக்காகக் காத்திருந்தது ஞாபகமிருக்கும். அவர் உயிரோடு கிடைத்ததை நினைத்துப் பிறரும் அப்படிக் கிடைப்பார்கள் என்று எண்ண முடியாது. காவல்நிலையில் இருக்கிற சிப்பாய்க்குச் சரிவைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இல்லை, எல்லை எங்கேயோ அங்கே நிற்க வேண்டும். டிரெக்கிங் போகிறவருக்கு அந்த உரிமை முழுசாக இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாத்திரையும் சுற்றுலாவும் போகிறவர்கள் நாங்கள் மலையேறப் போகவில்லையே, ரோட்டில்தானே போகிறோம் என்பார்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாது லா போகிற சாலையோரத்தில், கார்களை நிறுத்திவிட்டுப் பனியில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் சரிவு விழுந்து 7 பேர் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அடுத்த மாணா கிராமத்தின் அருகே, சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த கன்டெய்னர் குடியிருப்பைப் பனி அடித்துப்போட்டது. 54 பேர் சிக்கி, 46 பேரை மீட்டார்கள், 8 பேர் போய்விட்டார்கள். முந்தின நாள் மாலையே சமோலி மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு மேலே மலை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மரமே இல்லாத நீண்ட பட்டை காட்டின் நடுவே மேலிருந்து கீழே இறங்கினால் அது வருடாவருடம் பனி ஓடுகிற தடம், அங்கே செல்ஃபி எடுக்க நிற்க வேண்டாம். மே மாதத்தில் கேதார்நாத் நடைபாதையில் பனியை வெட்டி வழி எடுத்திருக்கிற இடங்களில் உட்கார்ந்து இளைப்பாறாமல் சுருக்காகக் கடந்துவிட வேண்டும், அதுவும் காலையிலேயே.

பிள்ளைகள் டிரெக்கிங் கம்பெனிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எங்கெங்கே வருகிறது, அதைச் சுற்றிப் போக வேறு வழி உண்டா? முகாம் போடுகிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது? டிரான்ஸீவர், புரோப், ஷவல் தருகிறார்களா, தந்தால் தேடிப்பார்க்கப் பயிற்சியும் தருகிறார்களா? டிஜிஆர்ஈ எச்சரிக்கையைத் தினமும் யார் பார்க்கிறார்கள், எந்த அளவு எச்சரிக்கை வந்தால் திரும்புவார்கள்? பதில் தெளிவாக வராத கம்பெனியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், இப்போது நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, ரயில் டிக்கெட். நம் ஊரிலிருந்து டில்லி போக இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது, திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்துப் பல வாரம் முன்பே போட்டுவிடுகிறார்கள், உச்சிக்குப் போகிற நாளும் இறங்குகிற நாளும் ரயில் நாளும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் பனி கொட்டினால் அது ஓரளவு இறுக ஒன்றிரண்டு நாளாவது காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் ரயில் போய்விடும், அதனால் கிளம்பிவிடுவார்கள். திரும்புகிற டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பனி விழாவிட்டால் அந்த இரண்டு நாளை டேராடூனிலோ ஹரித்வாரிலோ சுற்றிக் கழிக்கலாம்.